இன்னும் 157 சதுர மீட்டர்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும் கூடைப்பந்துத் தோழர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளிக் கூடைப்பந்துக் களத்துக்குக் கான்கிரீட் தரை போடப் பணம் திரட்டுகிறோம். மழை நெருங்குகிறது. கொட்டும் மழையில் கான்கிரீட் போட முடியாது. போட்ட பிறகும் ஏழு நாளாவது நனைத்துக் காக்க வேண்டும். 28 நாள் விட்டுத்தான் வண்ணம் பூசிக் கோடு போட வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் பணம் சேராவிட்டால் நம் பள்ளி ஆடுகளம் இன்னும் ஒரு வருடம் சேறாகவே கிடக்கும்.

களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பெருக்கினால் 420. (சிரிக்க வேண்டாம், விதிப்புத்தக அளவே அதுதான்.) மொத்தச் செலவையும் 420 பங்காக்கி, சதுர மீட்டருக்கு ஒரு பங்கு என்று வைத்தோம். 263 வந்துவிட்டது. 157 துண்டு விழுகிறது.

மண் தரைதான் நம்மை வளர்த்தது. மாலை மணி அடித்ததும் பையைக் கம்பத்தடியில் எறிந்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவோம். தூள் தீர்ந்தால் சாம்பல். இருந்தது ஒரே பந்து. மேலிருந்த புள்ளிகளெல்லாம் தேய்ந்து, மழை நாளில் மீன்போல் கையை விட்டு நழுவும். ஆட்டத்தை நிறுத்தலாமா என்று கேட்டால் பி.டி. மாஸ்டர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கை இழுத்துவிடுவார். இறுதி ஆட்டமே திறந்தவெளி மண் தரையில், மழையில்! அமெரிக்கா 19, கனடா 8. "அவர்களே ஆடினார்கள், உங்களுக்கு என்னடா?" அந்தத் தரையில் வெறுங்காலோடு ஆடித்தான் ஷூ போட்டு வந்த அணிகளைத் தோற்கடித்து அனுப்பினோம்.

1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் மாடிக் கைப்பிடியில் பழக்கூடை மாட்டிய உயரம் 10 அடி. இன்றும் உலகெங்கும் அதே 10 அடிதான். நம் களத்தில் கம்பத்தடி மண் அரித்துப்போய், சென்ற மாதம் அளந்தபோது 10 அடி 5 அங்குலம் இருந்தது. இங்கே பழகிய பிள்ளைகள் வெளியே போய் எறியும் ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) வளையத்தைத் தாண்டி விழுகிறது.

தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! முதல் பங்கு அதே மாஸ்டருடையது. நாங்கள் கேட்கும் முன்பே கொடுத்தார். கம்பங்களைக் கூலியின்றிப் பற்றவைத்துத் தர முன்வந்த வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு, அந்நாளில் ஒருமுறைகூட அணியில் இடம் கொடுக்கவில்லை நாம். பெண்கள் அணி அக்காக்கள் எட்டுப் பேர் சேர்ந்து 40 பங்கு தந்தார்கள். பையன்கள் ஆடி ஓய்ந்த பிறகுதான் அவர்களுக்குக் களம் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு நினைத்துக்கொள்கிறோம். பெயர் வேண்டாம் என்று ஐந்து பங்கு தந்த அன்பருக்கு இறைவன் துணையிருக்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அணிப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்ட இரவு 112 பேர் இதயம் இட்டார்கள். பங்கு தந்தவர்கள் 61 பேர். கடைசி நொடி ஃப்ரீ த்ரோவுக்கு முன் எத்தனை தெய்வங்களை வேண்டியிருப்போம்? அந்த நேர்த்திக்கடன் இன்னும் பாக்கி.

முழுப் பங்கு இயலாதவர்கள் இருவராகச் சேர்ந்து ஒன்று எடுக்கலாம். ரசீது உண்டு; வரவு செலவு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பொருளாளர் ஞாயிறுதோறும் காலையில் களத்திலேயே இருப்பார்.

இப்படிக்கு,
ஆடுகளச் சீரமைப்புக் குழுவினர்