பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றிய மறுநாள் காலை எங்கும் கேட்கும் புகார் ஒன்றுதான்: "எனக்குத் திறக்குது, பக்கத்து சீட்ல திறக்கல." அப்போது பதற்றத்தில் செய்யும் காரியங்கள் கோளாறைவிட அதிகம் கெடுக்கின்றன. ஒருவர் ஃபயர்வாலை அணைப்பார், இன்னொருவர் ஃபோல்டர் முழுவதற்கும் 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுப்பார், வேறொருவர் டேட்டாபேஸை மறுபடியும் இறக்குவார். அரை மணி நேரத்தில் எது எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பொறுப்பில் இருக்கும் வாசகர்களுக்கு உதவும் என்பதால் இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்குத் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் தளத்தின் பெயர் மீது: அது எந்த ஐபிக்கு (சர்வரின் நெட்வொர்க் முகவரி) போகிறது என்பதில். சர்வரில் உட்கார்ந்து தேட வேண்டாம், திறக்காத கணினிக்கே போங்கள். அங்கே தளத்தின் பெயரைக் கொடுத்து என்எஸ்லுக்அப், பிறகு பிங் என்ற இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள். முதலாவது, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வரை நேரே கேட்கும். இரண்டாவது அந்தக் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (பெயர்களுக்கு ஐபியைக் கையால் எழுதி வைக்கும் ஃபைல்) கேஷையும் (முன்பு கேட்ட பதில்களின் சேமிப்பு) பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கும். என்எஸ்லுக்அப் புது ஐபியையும் பிங் பழைய ஐபியையும் காட்டினால், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் யாரோ எப்போதோ எழுதிய வரி இருக்கும், அல்லது கேஷைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இரண்டுமே பழையதைக் காட்டினால் டிஎன்எஸ் பதிவைப் பாருங்கள். டிடிஎல், அதாவது பதிலை நினைவில் வைக்கும் நேரம், 86400 நொடி என்றிருந்தால் பழைய முகவரி ஒரு நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றத்துக்கு முந்தைய நாளே அதை 300 ஆக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பிங் பதில் சொல்வதால் தளம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. இணையதளத்துக்கான 80, 443 போர்ட்களை (சர்வரின் இணைப்பு வாசல்கள்) தனியாகச் சோதிக்க வேண்டும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் அந்த போர்ட்டில் எந்த சர்வீஸும் இல்லை, அல்லது அது 127.0.0.1-ல், அதாவது அதே சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்புக்கு, மட்டும் காது கொடுக்கிறது. வெகுநேரம் காத்திருந்து கைவிட்டால் பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால்.

எண்ணோடு பிழை வந்தால் நல்லது, பாதி வழி தெரிந்துவிட்டது. 403 (அனுமதி மறுப்பு) என்றால் ஃபைல்களின் உரிமையாளர் மாறியிருக்கலாம். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும். மேலே உள்ள ஃபோல்டர்களிலும் நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், பலரும் தவறவிடுவது அதைத்தான். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்த பின் சில படங்கள் மட்டும் 404 (கிடைக்கவில்லை) காட்டினால், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம். 502 வந்தால் வெப் சர்வர் ஓடுகிறது, அதன் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன்தான் பதில் சொல்லவில்லை. அப்ளிகேஷனும் சரியாக ஓடினால், ரெட்ஹேட் வகை லினக்ஸில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு அந்த இணைப்பைத் தடுக்கலாம். அதற்குரிய ஒரு அனுமதியைத் திறந்தால் போதும், மொத்தத்தையும் அணைக்கக் கூடாது. நிரந்தரமாக்கும் குறியைச் சேர்க்காமல் திறந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே 502 திரும்ப வரும்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் 1130 என்ற பிழையைக் காட்டினால் பாஸ்வேர்டைத் தொட வேண்டாம். டேட்டாபேஸ் பயனருக்கான அனுமதி பழைய சர்வரின் ஐபிக்கே கட்டப்பட்டிருக்கிறது. 1045 வந்தால் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் பாருங்கள்.

தமிழ் எழுத்துகள் சிதைவதுதான் நம்மவர்களை மிகவும் கலங்க வைப்பது. இதில் ஊகிக்கத் தேவையே இல்லை. கெட்டுப்போன ஒரு சொல்லை டேட்டாபேஸிலேயே ஹெக்ஸ் (பதினாறடிமான எண்கள்) ஆக எடுத்துப் பாருங்கள். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 'அ' என்பது இ0 ஏஇ 85 (திரையில் E0 AE 85). அப்படியே இருந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, அப்ளிகேஷன் இணைப்பின் எழுத்துத் தொகுதியை மட்டும் சரிசெய்யுங்கள். சி3 ஏ0 (C3 A0) என்று தொடங்கினால் ஏற்றும்போது இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது, சரியான எழுத்துத் தொகுதியைக் குறிப்பிட்டு பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுங்கள். வரிசையாக 3எஃப் (3F) மட்டும் இருந்தால் அவை உண்மையிலேயே கேள்விக்குறிகள். அந்தப் பிரதியிலிருந்து எழுத்துகளை மீட்க வழியே கிடையாது, மூலப் பிரதி ஒன்றுதான் கதி.

விண்டோஸ் லாகின் வழியே திறக்கும் தளம், பெயரைக் கொடுத்தால் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஐபியைக் கொடுத்தால் திறக்கிறதா? எஸ்பிஎன் பதிவு (தளத்தின் பெயர் எந்தக் கணக்குக்கு உரியது என்று டொமைனில் இருக்கும் பதிவு) பழைய கணினியின் கணக்கிலேயே நிற்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இதனால்தான் பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள் என்கிறேன். அதே சமயம் முன்போலவே ஓடவும் விடாதீர்கள். பாதிப் பேர் பழையதிலும் மீதிப் பேர் புதியதிலும் பதிவு செய்தால், பிறகு இரண்டையும் ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு. கடைசிப் பிரதி எடுக்கும் முன்பே பழைய அப்ளிகேஷனையும் கிரான் வேலைகளையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரே மின்னஞ்சல் இரண்டு தடவை போகும். அங்கே வெப் சர்வரை மட்டும் விட்டு, "தளம் மாற்றப்பட்டது" என்று ஒரு பக்கம் வையுங்கள். அதன் ஆக்சஸ் லாக்கில் (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு) விழும் ஒவ்வொரு ஐபியும் இன்னும் சரிசெய்யாத ஒரு கணினி. படத்தின் பாதை மட்டும் விழுந்தால் கணினியில் கோளாறில்லை, புதிய தளத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் பழைய முகவரி முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கை நிரல்கள் அன்றுதான் தலைகாட்டும். ஆகவே ஒரு மாத முடிவு கடந்து, லாக் தொடர்ந்து சில நாட்கள் வெறுமையாக இருந்த பிறகு அணைக்கலாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்