போட் சுரண்டும் தூளுக்கு ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கொழும்பு முகத்துவாரத்துக்காரன். 17 வயதில் போட் பெயின்ட் வேலைக்காகச் சுரண்டியைக் கையில் பிடித்தேன், இப்போது 62. எங்கள் கரையில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் பலருக்குத் தெரியாது. ‘பெயின்ட் பாஸ்’ என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். மூச்சு வாங்குவதால் மூன்று வருடமாக வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் காலையில் ஒரு தடவையாவது கரைப்பக்கம் போய் வராவிட்டால் எனக்குச் சரிவராது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனபோது கண்டதைத்தான் எழுதுகிறேன். வாரக்கன் தொடங்கி விட்டது. கடல் கொந்தளிக்கும் இந்த மாதங்களில்தான் போட்டுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது வழக்கம். மரக்கட்டைகளின் மேல் ஒரு மல்டி-டே போட், அதாவது பல நாள் கடலில் நின்று மீன்பிடிக்கும் பெரிய போட், நின்றது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஒருவன் அதன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கிரைண்டரால் பழைய அடிப் பெயின்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு கைலேஞ்சி மட்டும். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. செங்கல்லை இடித்தது போலச் சிவப்புத் தூள் அவன் தலைமயிர், இமை, கழுத்து மடிப்பு எல்லாவற்றிலும் படிந்திருந்தது. காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி அடித்தது. பத்து யார் தூரம் தள்ளி இரண்டு சின்னப் பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையில் அந்தப் பெயின்ட் சல்லிகளை அள்ளிப் போட்டுச் சோறு சமைத்து விளையாடினார்கள். “தாத்தா, சாப்பிடுறீங்களா? சிவப்புச் சோறு” என்று ஒரு பிள்ளை என்னிடம் சிரட்டையை நீட்டியது.

பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு அனுப்பினேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்தத் தூளை அந்த மண்ணில் முதலில் கொட்டியவர்களில் நானும் ஒருவன்.

அடிப் பெயின்டை மற்றப் பெயின்டுகளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் அழகுக்கு. போட்டின் அடிக்கு அடிப்பது மருந்து. கடலில் கிடக்கும் போட்டில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் ஓட்டம் குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். அது ஒட்டாமல் இருக்கத்தான் நஞ்சைக் கலந்து, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி அந்தப் பெயின்டைச் செய்கிறார்கள். சிவப்பு நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் குப்பரஸ் ஒட்சைட்டு, அதாவது செப்பு. சில டின்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுதான் இருக்கிறது. சிப்பிக் குஞ்சு ஒட்ட வரும்போதே கொல்வதற்காகப் போட்ட மருந்து, கரையில் தூளாகிக் கடலில் விழுந்தால் மட்டும் சும்மா இருக்குமா? போட்டில் இருக்கும்போது மாதக்கணக்கில் கசிய வேண்டியது, நாம் தேய்த்துத் தூளாக்கிய பிறகு ஒரு மழையோடு மொத்தமாகக் கழுவுப்பட்டுப் போகிறது.

என் அப்பா கொழும்புக்கு இறங்குவதற்கு முன் அட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் தேயிலையின் கொப்புள நோய்க்கு மருந்து அடித்தவர். அதுவும் செப்பு மருந்துதான். மருந்து அடித்த கையோடு பிள்ளையைத் தூக்க மாட்டார், பீலிக்கரையில் குளித்துவிட்டுத்தான் லயத்துக்குள் வருவார். படிக்காத மனிதர். அவருக்கு இருந்த கவனம் எனக்கு இருக்கவில்லை. நான் அடிப் பெயின்ட் தூள் படிந்த சேர்ட்டோடு வீட்டுக்கு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் தேநீர் குடித்திருக்கிறேன். அந்தச் சேர்ட்டை உதறித் தோய்த்தது என் மனைவி. தோய்க்கும் நாட்களில் அவவுக்குத் தும்மலும் கண்ணெரிவும் வரும். சவர்க்காரத்தைத்தான் குறை சொன்னோம்.

அந்த மகள்தான் இன்று உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறாள். என் பழைய டின்களில் இருந்த சின்ன எழுத்துகளை முதன்முதலில் எனக்கு வாசித்துக் காட்டியவளும் அவள்தான். நான் ஆயிரம் டின் திறந்திருப்பேன், ஒன்றைக்கூட வாசித்ததில்லை. “காய்ந்தபடி தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேய்க்கவும்” என்ற கருத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம்.

அவள் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. ஒரு காலத்தில் அடிப் பெயின்டில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீய மருந்து சேர்த்தார்கள். அது நல்ல வேலை செய்தது, வருடக்கணக்கில் ஒன்றும் ஒட்டாது. ஆனால் பிரான்சில் ஆர்க்கஷோன் என்ற குடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடு தடித்து உருமாறி, குஞ்சு பொரிப்பதும் நின்றுபோக, 1982 இல் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அதை அங்கே தடை செய்தார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே சில கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்குமாம். 2001 இல் சர்வதேச கடல்சார் அமைப்பு அதற்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தது. அது 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. சைபியூட்ரைன் என்ற வேறொரு மருந்தையும் 2023 ஜனவரியிலிருந்து அதே உடன்படிக்கையில் தடுத்திருக்கிறார்கள்.

தடை வந்தது சரி. பழைய போட்டின் அடியில் ஏற்கெனவே அடித்தது எங்கே போகும்? நாங்கள் பூச்சுக்கு மேல் பூச்சு அடித்துக்கொண்டே போவோம். முப்பது வருடப் போட் ஒன்றைச் சுரண்டினால் மரத்தின் வளையம் போல நிறம் நிறமாகத் தெரியும். எந்த நிறத்தில் எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வேலை பழகிய காலத்து மூன்றரைத் தொன் மரப் போட்டுகளுக்கு முதல் பூச்சாக ‘ரெட் லெட்’ அடித்தோம். அது ஈயம். அந்த ஈயத்தைக் கேஸ் டோர்ச்சால் சூடாக்கி உரித்திருக்கிறேன், புகை தொண்டைக்குள் போகப் போக இனிப்பும் கசப்புமாக ஒரு ருசி நாக்கில் நிற்கும். அது வேலையின் ருசி என்று நினைத்தோம். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே இல்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிரட்டைச் சோறு திரும்பத் திரும்ப என் கண்ணுக்குள் வருவது இதனால்தான்.

வேலை செய்கிறவர்களுக்கு வரும் கெடுதல் கிரைண்டரால் மட்டும் வருவதில்லை. வெற்றிலையாலும் வருகிறது. தூள் கையோடு சுண்ணாம்பைத் தடவி வாயில் போடுவோம், பீடியைப் பிடிப்போம், சோத்துப் பார்சலைப் பிரிப்போம். மூக்கால் போகாதது வாயால் போகும். என்னோடு 11 வருடம் வேலை செய்த ஒருவருக்கு, பெயின்ட் சல்லி தெறித்து வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது. அன்று போட் சொந்தக்காரர் முச்சக்கரவண்டிக் காசு கொடுத்தார், அதற்குமேல் ஒன்றுமில்லை. என் நெஞ்சை எத்தனையோ டொக்டர்மார் பரிசோதித்தார்கள். சிகரெட் குடிப்பீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். என்ன தூளில் வேலை செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டேன்.

இதைச் சரியாகச் செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியும். இடையில் 6 வருடம், ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ், பெரிய கப்பல்கள் பழுது பார்க்கும் இடத்தில் இருந்தேன். அங்கே பில்டர் வைத்த மாஸ்க் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். தண்ணீரைப் பாய்ச்சித்தான் உரிப்பார்கள். விழுந்ததைக் கூட்டி அள்ளி மூடிய தொட்டியில் போடுவார்கள். வேலை முடிந்து கழுவாமல் கன்டீனுக்குப் போக முடியாது. அதே நான், அதே சுரண்டியோடு, கரையில் ஒரு மீன்பிடிப் போட்டுக்குக் கீழே படுத்தபோது எனக்குக் கைலேஞ்சி மட்டும்தான். கப்பலுக்கு ஒரு நியாயம், மீன்பிடிக்காரனின் போட்டுக்கு இன்னொரு நியாயமா? சுவாசப்பை எல்லோருக்கும் ஒன்றுதானே.

போட் சொந்தக்காரர்களை மட்டும் நான் குற்றம் சொல்ல வரவில்லை. 2022 க்குப் பிறகு டீசலுக்கும் ஐசுக்கும் அவர்கள் படுகிற பாட்டை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். செலவு கூட்டாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பதைத்தான் அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, பொழுதுசாயக் கரையில் இழுத்து வைக்கிற சின்ன பைபர் வள்ளத்துக்கு இந்த மருந்துப் பெயின்டே வேண்டாம். தினமும் காய்கிற அடியில் சிப்பி பிடிக்காது. பக்கத்து வள்ளக்காரர் அடிக்கிறார் என்று பார்த்து அடிப்பவர்களே அதிகம். மல்டி-டே போட்டிலும், பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தை உரிக்கத் தேவையில்லை. உப்பைக் கழுவி, அதற்கென்று வரும் இடைப்பூச்சை அடித்து மூடிவிட்டு மேலே அடிக்கலாம். கழன்று வருகிற இடத்தை மட்டும் நனைத்து நனைத்துக் கைச்சுரண்டியால் எடுங்கள். நனைந்தது காற்றில் பறக்காது. கிரைண்டரை விட நேரம் எடுக்கும்தான், அந்த ஒரு நாள் கூலி பெரிதல்ல. அடியில் தரப்பாள் விரித்தால் முக்கால்வாசிச் சல்லி அதிலேயே நிற்கும். ஒரு மல்டி-டே போட்டைச் சுரண்டினால் இரண்டு, மூன்று உரப்பை நிறையும் என்பது என் கைக்கணக்கு. அதை எரிக்கவோ, கானில் தள்ளவோ, வாய்க்காலில் கொட்டவோ வேண்டாம்.

சரி, அந்த உரப்பையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு எங்கள் கரையில் யாரிடமும் பதில் இல்லை. நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான். கொழும்பு வடக்கில், போட்டுகளை ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில், கொங்கிரீட் தரை போட்ட ஒரு துண்டு நிலம் வேண்டும். சுரண்டும் போதும் கழுவும் போதும் வடியும் தண்ணீர் நேரே கடலுக்குப் போகாமல் நின்று அடைய ஒரு குழி, சல்லியைப் போட மூடியுள்ள பீப்பாய்கள், கைகால் கழுவவும் உடுப்பு மாற்றவும் ஓர் அறை. அவ்வளவுதான். நிறைந்த பீப்பாய்களை ஆபத்தான கழிவாகக் கணக்கெழுதி எடுத்துப்போக வழி இருக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. சமுத்திரச் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையும், மீன்பிடித் துறைமுகங்கள் கூட்டுத்தாபனமும், மாநகர சபையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இது ஒரு வாரக்கனுக்குள் முடிகிற வேலை.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, பமுனுகமப் பக்கக் கரையில் தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்போடு ஆட்கள் பிளாஸ்டிக் மணிகளைக் கூட்டி அள்ளியதை நாடே பார்த்தது. அது வெளிநாட்டுக் கப்பலின் குப்பை. களனி கங்கை கடலில் விழும் இந்த இடத்துக்குப் பக்கத்தில் நாங்களே வருடாவருடம் கொட்டுவது கண்ணுக்குத் தெரியாத தூள் என்பதால் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அதோடு சுகாதாரத் திணைக்களம் இந்த வேலை செய்யும் பையன்களையும், கரையோரக் குடியிருப்புத் தோட்டங்களில் வளரும் சின்னப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம் வரும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. அந்தப் பையனை மறுநாள் போய்ப் பார்த்தேன். “பாஸ், நனைச்சுத் தேய்ச்சா களி மாதிரி ஒட்டுதே, கிரைண்டர் மாதிரி வராதே” என்றான். சுரண்டியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கை வந்துவிட்டது. என் பழைய மாஸ்க்குக்குப் புதுப் பில்டர் வாங்கி அவனிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாரக்கன் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் காலை 7 மணிக்குக் கரையில் இருப்பேன். போட் சொந்தக்காரர்கள் தங்கள் பையன்களை அனுப்பினால் காசு வாங்காமல் பழக்கி விடுவேன். தரப்பாளை மட்டும் அவர்கள் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகுப் பெயின்ட் தொழிலாளி,
முகத்துவாரம், கொழும்பு 15.