மெதுவாகப் போகிறது என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய், எனக்கும் இதை அவசரமாகப் பேசி முடிக்க மனசில்லை. 'டோக்கியோ ஸ்டோரி'யை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன் அம்மா, கதை நகரவே மாட்டேன் என்கிறது, ரொம்ப மெதுவாகப் போகிறது என்றாய். அடுத்த நிமிஷமே, 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்தேன், இரண்டு நாளாக அதே நினைப்பாக இருக்கிறது என்றும் சொன்னாய். அதைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அந்தப் படம் பிடித்தவளுக்கு இந்தப் படம் பிடிக்காமல் போகாது.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2023-ல் 'பெர்ஃபெக்ட் டேஸ்' எடுத்த விம் வெண்டர்ஸ் ஜெர்மன்காரர், ஆனால் அவர் மனசுக்குள் குருவாக வைத்திருப்பது 'டோக்கியோ ஸ்டோரி' எடுத்த ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவை. ஓஸு 1963-லேயே இறந்துபோனார். அவர் படங்களில் பார்த்த டோக்கியோ இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வெண்டர்ஸ் அங்கே போய், ஓஸுவின் நடிகரையும் கேமராமேனையும் சந்தித்து 'டோக்கியோ கா' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார், அது 1985-ல் வந்தது. நீ பார்த்த படத்தில் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறாரே, அவர் பெயர் ஹிராயாமா. 'டோக்கியோ ஸ்டோரி'யில் பிள்ளைகளைப் பார்க்க வருகிற வயதான தம்பதியின் குடும்பப் பெயரும் ஹிராயாமாதான். நீ பார்த்த படத்தின் சட்டகம்கூட இப்போதைய அகலத்தில் இல்லாமல் அந்தக் காலத்துப் படங்கள் மாதிரி 4:3 அளவில் இருக்கும், நீயும் கவனித்திருப்பாய்.

உன் படத்து ஹிராயாமா காலையில் எழுந்து படுக்கையை மடிக்கிறார், பல் தேய்க்கிறார், செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார், மறுநாளும் அதையே செய்கிறார், அதற்கு மறுநாளும் அதையே. அதை நீ மெதுவு என்று சொல்லவில்லையே. அப்படியானால் உன்னை நிறுத்த வைத்தது வேகம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கறுப்பு வெள்ளை, 1953-ஆம் வருஷத்துப் பேச்சு, எல்லோரும் எதற்கெடுத்தாலும் புன்னகைத்துத் தலையசைக்கிற பழக்கம், தரையில் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கும் கீழே வைத்த, கிட்டத்தட்ட அசையவே அசையாத கேமரா, இதெல்லாம் சேர்ந்து உன்னை வெளியிலேயே நிற்க வைத்துவிட்டது. பழைய படத்துக்குள் நுழைய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.

நீ எங்கே நிறுத்தினாய் என்று தெரியவில்லை. பாட்டி சின்னப் பேரனைக் கூட்டிக்கொண்டு புல்மேட்டுக்குப் போகிற காட்சி வந்ததா? தூரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். நீ பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய், நீயும் டாக்டர் ஆவாயா, அப்போது நான் இருப்பேனா என்று அந்த அம்மாள் பேசிக்கொண்டே போகிறார், பையனோ புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், அவன் காதில் எதுவும் விழுவதே இல்லை. அழுகை கிடையாது, இசையை ஏற்றி நம்மை உலுக்குவதும் கிடையாது. படம் முடிந்து ரொம்ப நாளைக்கு அந்தக் காட்சிதான் கூடவே இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ தூரத்தில் இருக்கிறாய் என்று சொல்லிக்காட்டுவதற்காக இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. ஓஸு அதில் ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மூத்த மகன் டாக்டர், நோயாளியிடமிருந்து ஆள் வந்தால் அவன் போய்த்தான் ஆகவேண்டும். மகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள், வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்காட்ட முடியாது. போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நொரிகோ மட்டும் லீவு போட்டு அவர்களைக் கூட்டிப்போகிறாள், அவளிடமும் நான் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை என்கிற குழப்பம் இருக்கிறது. நொரிகோவாக நடித்த செத்சுகோ ஹாராவின் முகத்தை அந்தக் கடைசிப் பகுதியில் பார்க்கவாவது நீ படத்தை முடிக்க வேண்டும்.

இந்தக் கதைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1937-ல் லியோ மெக்கேரி ஹாலிவுட்டில் 'மேக் வே ஃபார் டுமாரோ' எடுத்தார். வீட்டை இழந்த வயதான தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஓஸுவோடு திரைக்கதை எழுதிய கோகோ நோதா அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். மெக்கேரிக்கு அதே வருஷம் வந்த வேறொரு நகைச்சுவைப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, தப்பான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் சொன்னார். இரண்டையும் பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், அவர் சொன்னது சரிதான். ஆக, 1937, 1953, 2023, மூன்று நாட்டுக்காரர்கள், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

பழைய படம் என்றாலே மெதுவு என்பதும் சரியில்லை, கண்ணம்மா. மௌனப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928. புயல் காட்சியில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது, மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கிற இடத்தில் வந்து விழுவதால் பிழைக்கிறார். நிஜச் சுவர், நிஜ ஆள். நின்ற இடம் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் ஆளே இல்லை. வசனம் இல்லாமல், உடம்பையும் கேமரா நிற்கிற இடத்தையும் மட்டும் நம்பி கதை சொன்ன காலம் அது. அதை அப்படியே கையில் எடுத்தவர் என்று நான் நினைப்பது ஜார்ஜ் மில்லரை, 2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' மூலமாக. அவ்வளவு வேகமாக வெட்டுகிற படத்தில் நமக்கு எங்கேயும் தலை சுற்றவில்லையே, ஏன் தெரியுமா? முக்கியமான விஷயத்தை எப்போதும் சட்டகத்தின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள், ஷாட் மாறும்போது கண் தேடி அலைய வேண்டியதில்லை. எடிட்டர் மார்கரெட் சிக்செலுக்கு அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. மில்லர் பிற்பாடு அதைக் கறுப்பு வெள்ளையிலும் வெளியிட்டார். முடிந்தால் அதையும், சத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் பார். கதை புரியும், கீட்டன் ஞாபகமும் வரும்.

அப்புறம் 'ரஷோமோன்'. 1950-ல் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா எடுத்தது, ஒரு கொலை, நடந்ததைச் சொல்ல நான்கு வாய். அடுத்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. நான்கே வருஷத்தில், 1954-ல், வீணை எஸ். பாலசந்தர் அந்த உத்தியைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார், 'அந்த நாள்'. ஒரே ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப்படம், சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார், அப்புறம் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவர் வேறு வேறு ஆளாகத் திரும்பி வருகிறார். அந்தக் காலத்தில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார். 2023-ல் இன்னொரு ஜப்பானிய இயக்குநர் கொரே-எடா 'மான்ஸ்டர்' எடுத்திருக்கிறார், முதலில் அம்மா பார்த்தது, பிறகு ஆசிரியர் பார்த்தது, கடைசியில் பையன்கள் வாழ்ந்தது. 'ரஷோமோன்' மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்கிறது. 'மான்ஸ்டர்' பொய்யைவிட, அரைகுறையாகத் தெரிந்ததே ஒரு பையனை நாசமாக்கிவிட முடியும் என்கிறது, அவரவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருந்தது. அம்மா என்பதால் இருக்கலாம்.

'ரஷோமோன்' பார்க்கும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள். மரங்களின் இலைகளுக்கு நடுவே சூரியனைக் கேமரா நேருக்கு நேர் பார்க்கும். 'பெர்ஃபெக்ட் டேஸி'ல் ஹிராயாமா பகல் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாந்து போட்டோ எடுப்பாரே, அதே இலை, அதே வெளிச்சம். அங்கே அது கண்ணைக் கூசவைத்து எது உண்மை என்று குழப்புகிறது, இங்கே ஒரு மனிதரின் நாளை நிறைக்கிறது. யாரும் சொல்லி நான் இதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்ததால் தானாகத் தெரிந்தது.

என் வயசுக்காரர்கள் பலர், இப்போதெல்லாம் எவன் நல்ல படம் எடுக்கிறான் என்கிறார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1950-களிலும் குப்பைப் படங்கள் ஏராளமாக வந்தன, காலம் அவற்றைச் சலித்துத் தள்ளிவிட்டது, நாம் மிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலமே பொற்காலம் என்கிறோம். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய, வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தைப் பார், ஓர் அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், கோபக்கார அப்பாவுக்குப் பின்னால் அந்தப் பையன் வருகிற தூரத்தை வைத்தே அவர்கள் உறவு முழுவதும் தெரிந்துவிடுகிறது. அதே வினோத்ராஜ் 2024-ல் எடுத்த 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979-ல் பேச்சைக் குறைத்து முகங்களைப் பேசவிட்டதே, அதன் பக்கத்தில் இந்த இரண்டையும் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. இன்றைய படங்களில் எனக்குக் குறை என்றால் அந்தப் பின்னணி இசைதான், ஒரு நடிகர் மௌனமாக இருந்தால் இசையமைப்பாளருக்குப் பொறுக்காது போலிருக்கிறது, என்ன உணர வேண்டும் என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதே. நேரமில்லை என்றால் பாதி பார், மறுநாள் மீதியைப் பார், ஆனால் அதன் வேகத்திலேயே பார். ஒரு முகத்தை எத்தனை விநாடி பிடித்து வைப்பது என்பது இயக்குநரும் எடிட்டரும் தலையை உடைத்துக்கொண்டு எடுத்த முடிவு, அதை விரலால் தள்ளினால் அப்புறம் நீ பார்ப்பது அந்தப் படமே இல்லை. இன்னொன்று, பழைய படம் என்றால் புதுப்பித்த பிரதி இருக்கிறதா என்று முதலில் தேடு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகடிவ் 1993-ல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் கருகிப்போனது. கருகியதையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், இத்தாலியில் உட்கார்ந்து அந்தச் சுருள்களை மாதக்கணக்கில் சரிசெய்து, முடியாத இடங்களில் வேறு பிரதிகளைக் கொண்டு நிரப்பி 2015-ல் திரும்ப வெளியிட்டார்கள். துர்காவும் அப்புவும் நாணல் பூக்களுக்கு நடுவே ரயில் பார்க்க ஓடுகிற காட்சியை நான் ரொம்ப காலம் கோடு விழுந்த பிரதியில்தான் பார்த்தேன், புதுசில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிகிறது.

சரி, அடுத்து இதைச் செய்வோமா? இந்த வாரம் நீ 'டோக்கியோ ஸ்டோரி'யை முடி. அதற்கப்புறம் இரண்டு பேரும் 'இகிரு' பார்க்கலாம், 1952, அதுவும் குரோசாவாதான். சாகப்போகிறோம் என்று தெரிந்த ஓர் அரசு அலுவலர் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்ட அலைகிற கதை. பின்னாலேயே 2022-ல் வந்த 'லிவிங்' பார், அதே கதையை எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ லண்டனுக்கு மாற்றி எழுதியிருக்கிறார், பில் நை நடிப்பு. முதலாவதில் அந்த மனிதர் படம் முடிய ரொம்ப நேரம் இருக்கும்போதே இறந்துவிடுகிறார், மீதி நேரம் முழுக்க அலுவலக ஆட்கள் துக்க வீட்டில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று வாதாடுகிறார்கள். புதுசில் அந்தப் பகுதியைச் சுருக்கி, மென்மையாக்கிவிட்டார்கள். எனக்குப் பழையதன் அந்த நீண்ட வாதம்தான் படத்தின் உயிர் என்று படுகிறது, நீ வேறு மாதிரி நினைத்தாலும் நினைக்கலாம். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வேண்டாம், ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வை.

அன்புடன்,
அம்மா