நாலு பட்டையும் இடது சீட்டும்

அன்புக் கண்ணு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அம்மா நடுவில் புகுந்து "அங்கே குளிர் எப்படி, ரசமாவது வைத்துச் சாப்பிடுகிறாயா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டதில் பேச்சு திசைமாறிவிட்டது. "போயிங் ஜெட் ஓட்டிக்கொண்டிருந்த உங்க அப்பா ஏன் காத்தாடி (புரொப்பெல்லர்) பிளேனுக்கு வந்தார்?" என்று உன் அறைத்தோழி கேட்டாளாம், நீ ஏதோ சொல்லிச் சமாளித்தாயாம். அதில் சமாளிக்க ஒன்றுமில்லை கண்ணு. நானாக யோசித்து எடுத்த முடிவு. அப்போது நீ காலேஜ் இரண்டாம் வருடம். உன்னிடம் விவரமாகச் சொல்லவில்லை, அது என் தப்பு.

என் பழைய கம்பெனி மூடியபோது எனக்கு 47 வயது. சில மாதச் சம்பளம் வராமலே போனது உனக்கும் தெரியும். போயிங் 737 ஜெட்டில் எட்டு வருடம் கேப்டன். அந்த அனுபவம் என்னுடையதுதான், ஆனால் சீனியாரிட்டி என்னுடையதில்லை. விமானத் தொழிலின் விசித்திரம் இது. உன் சாஃப்ட்வேர் வேலையில் கம்பெனி மாறினால் பதவி ஏறும். இங்கே பல இடங்களில் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், புது இடத்தில் சேர்ந்த தேதியிலிருந்துதான் உன் வரிசை எண். எந்த ஊரில் தங்குவது, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்பதுகூட அந்த எண்ணைப் பொறுத்துத்தான்.

கையில் இரண்டு வாய்ப்பு இருந்தது. ஒன்று வளைகுடாவில், பெரிய போயிங் 777இல், ஃபர்ஸ்ட் ஆபீசராக. அதாவது துணை விமானியாக, சட்டைத் தோளில் மூன்று பட்டை, வலது சீட். நாலு பட்டையும் இடது சீட்டும் கேப்டனுக்கு. கேப்டன் ஆவதற்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்றொன்று உள்ளூரில் ஏ.டி.ஆர் 72 என்ற காத்தாடி எஞ்சின் வைத்த சின்ன விமானம், சேரும்போதே கேப்டன். சம்பளம் பழையதில் மூன்றில் இரண்டு பங்குதான். வளைகுடாவில் வலது சீட்டுக்கே இதைவிட அதிகம் கொடுத்தார்கள். பணத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் இன்று உனக்கு தோஹாவிலிருந்தோ துபாயிலிருந்தோ எழுதிக்கொண்டிருப்பேன்.

சின்ன கம்பெனிகள் வெளியிலிருந்து ஆளை எடுத்து நேராக இடது சீட்டில் உட்கார வைப்பது பெருந்தன்மையால் அல்ல. நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிடலாம். கேப்டனுக்கு வேண்டிய ஏ.டி.பி.எல். என்ற மேல் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம். பையன்கள் ஏ.டி.ஆரில் வந்து உட்கார்ந்து மணி நேரம் சேர்த்துக்கொண்டு, ஜெட் கம்பெனி கூப்பிட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். கேப்டன்களும்தான். 2017இல் நம் விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ. கேப்டனின் நோட்டீஸ் காலத்தை ஒரு வருடமாக்கியதே இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். கேப்டன் இல்லாவிட்டால் விமானம் தரையில்தான் நிற்கும். புது ஆளைப் பழக்கிக் கேப்டனாக்க வருடங்கள் ஆகும். என்னைப் போன்ற ஒருவனை ஏ.டி.ஆருக்குப் பழக்கச் சில மாதம் போதும்.

இது நம் ஊர்க்கதை மட்டுமல்ல. உன் டல்லாஸ் மாமா இருபது வருடம் பணக்காரர்களின் தனி ஜெட்டை ஓட்டினார். எப்போது போன் வரும், எந்த ஊரில் படுப்போம் என்றே தெரியாத வேலை. 58 வயதில், சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஒரு ரீஜனல் கம்பெனியில் நேரடிக் கேப்டனாகச் சேர்ந்தார். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேல் ஏர்லைன் விமானத்தை ஓட்ட முடியாது. பெரிய ஏர்லைனில் அடிமட்டத்தில் சேர்ந்தால், மிச்சமிருக்கும் ஏழு வருடத்தில் பாதி, போன் வருமா என்று ரிசர்வில் காத்திருப்பதிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டார். 2009இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள், நினைவிருக்கிறதா? அதன் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே வலது சீட்டுக்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். கேப்டனாக வேண்டுமானால் அதோடு, ஏர்லைனிலோ அதற்கு ஈடான வேலையிலோ 1,000 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். மாமா தனி ஜெட்டில் பறந்த சார்ட்டர் (வாடகை விமான) மணி நேரங்கள் அதற்குச் செல்லுபடியாயின. பெரிய ஏர்லைன்கள் ரீஜனல் கேப்டன்களை அள்ளிக்கொண்டு போனதில் சின்ன கம்பெனிகள் தவித்தன. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மான்டும் சம்பளத்தைத் தடாலென்று ஏற்றியது அதனால்தான். ஆனால் மாமா ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "சீட்டு மட்டும்தான் கேப்டன் சீட்டு, கேப்டன்கள் பட்டியலில் நான் கடைசி ஆள்." கிறிஸ்துமஸ் அன்று அவர் வீட்டில் இருந்ததே இல்லை என்று அத்தை இன்னும் குறைப்படுகிறாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வலது சீட்டில் என்ன குறை என்று நீ கேட்கலாம். வேலையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும்தான் ஓட்டுகிறோம், இறங்குவதையும் மாறி மாறித்தான் செய்கிறோம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. போன வடகிழக்குப் பருவமழையில் ஒருநாள் ஒரு சின்ன நிலையத்துக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். ரன்வேக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ கருவி இல்லாத இடம். குறிப்பிட்ட உயரம் வரை இறங்கலாம், அதற்குள் ரன்வே கண்ணில் பட வேண்டும், படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். முதல் தடவை படவில்லை. சுற்றி வந்தோம். இரண்டாம் தடவை வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அது ரன்வேயா நெடுஞ்சாலையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எரிபொருள் இன்னொரு முயற்சிக்கும் இருந்தது. நான் சென்னைக்குத் திருப்பிவிட்டேன். இறங்கியதும் ஒருவர் கதவருகே நின்று கத்தினார். தங்கை கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குப் போக வேண்டியவர். நான் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் கோபம் நியாயம்தான்.

வலது சீட்டில் இருந்தாலும் "திரும்பிவிடலாம்" என்று நான் சொல்வேன், சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கடைசி வார்த்தை இன்னொருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது. எட்டு வருடம் அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகு அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நீ திமிர் என்று சொன்னால் மறுக்கமாட்டேன்.

விமானமும் எனக்குப் பிடித்துப்போனது. ஜெட்டில் ஓட்டி ஓட்டிக் கால் தூங்கிப்போயிருந்தது. ஏ.டி.ஆரில் விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிமுலேட்டரில் ஒரு எஞ்சினை அணைத்துக் காட்டியபோது, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பயிற்சியாளர், "கேப்டன், கால்!" என்று மூன்று தடவை கத்தினார். வெட்கமாக இருந்தது. இதில் தரையில் கரண்ட் தரும் ஏ.பி.யு. என்ற குட்டி எஞ்சின் கிடையாது தெரியுமா? தரையில் நிற்கும்போது வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் காத்தாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, கேபினுக்குக் கரண்டும் ஏசியும் கொடுக்கிறோம். ஹோட்டல் மோடு என்று பெயர். கூட்டம் குறைவான நாளில் எடை முன்னாலோ பின்னாலோ சாயாமல் இருக்க ஆட்களை இடம் மாற்றி உட்காரச் சொல்கிறோம். பாதிப்பேர் முறைக்கிறார்கள்.

இந்தியாவில் 80 சீட்டுக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்குப் பல வருடம் லேண்டிங் கட்டணம் இல்லாமல் இருந்தது. ஏ.டி.ஆர் பிழைத்துக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு சின்ன ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் விமானம் போனபோது, இதெல்லாம் தேர்தல் வேடிக்கை என்று நான்தான் வீட்டில் உட்கார்ந்து பேசினேன். இப்போது அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் போய்வருகிறேன். சில தடங்கள் மானியம் நின்றதும் செத்துப்போகின்றன, அதையும் பார்க்கிறேன். சேலத்துக்கு வந்துகொண்டிருந்த விமானமும் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. நான் சேலம் போகும் நாளில் ஆயா ஓமலூர் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறாள். "காத்தாடி சத்தம் கேட்டா நீதான்னு தெரிஞ்சுக்குவேன்" என்கிறாள். எல்லாமே நான் என்று நினைக்கிறாள், நானும் திருத்தவில்லை.

இன்னொன்று, ஒரு நாளில் நாலைந்து ஏற்றம் இறக்கம் என்றாலும் பெரும்பாலான ராத்திரி நங்கநல்லூர் வீட்டில் படுக்கிறேன். நீ பிறந்து ஐந்து வயது வரை நான் வீட்டில் இருந்த நாட்களை அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தக் காலண்டர் இன்னும் பீரோவில் இருக்கிறது.

வருத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். 38,000 அடியில் விடியற்காலை பார்த்தவனுக்கு 18,000 அடி கொஞ்சம் தாழ்வுதான், மழை மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க முடியாது, மேகங்களுக்கு இடையே புகுந்து சுற்றி வர வேண்டும். முதுகு வலிக்கிறது. பழைய நண்பர்கள் 777 காக்பிட்டிலிருந்து போட்டோ அனுப்பும்போது ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

டிசம்பரில் நீ வரும்போது சேலத்துக்கு என் ரோஸ்டர் பார்த்து டிக்கெட் போடலாம் என்று அம்மா சொல்கிறாள். பின் வரிசையில் எடு, ஏறும் கதவு பின்னால்தான் இருக்கிறது. முன்னால் வந்து காக்பிட்டை எட்டிப்பார்க்கலாம் என்று நினைக்காதே, நடுவில் சரக்கு அறை இருக்கிறது. குரல் மட்டும்தான் கேட்கும். அறிவிப்பில் உன் பெயரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
அப்பா