பாதியில் போன கரண்ட்

பாலக்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாமிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தக்காளி விலை மறுபடி சரிந்துவிட்டது, அதைப் பேச ஆரம்பித்தால் ஓயாது.

போன வாரம் போனில், "அந்த டப்பாவைத் தூக்கிப் போடும்மா, புதுசு அனுப்புறேன்" என்றாயே, வேண்டாம். நீ பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த அதே லேப்டாப்பில்தான் இதை அடிக்கிறேன். அதுவும் தமிழில்.

குழுக் கணக்கைத் தமிழிலேயே எழுத ஆசை. தமிழ்நாட்டில் மகளிர் குழு தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். இத்தனை வருஷம் கழித்தும் நான் சந்தா, வட்டி எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தேன்.

நீ இதில் டெபியன் 12 என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டு நோட்டில் எழுதி வைத்த கட்டளை வரிகளை எடுத்தேன். 'சூடோ ஆப்ட் அப்டேட்' அடித்ததும் பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூட வரவில்லை. கீபோர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். ஓரத்தில் நீ "எழுத்து தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டு" என்று குறித்ததை அப்புறம்தான் பார்த்தேன். அப்டேட் போட்டாலே எல்லாம் புதிதாகிவிடும் என்றிருந்தேன். அது சரக்குப் பட்டியலை மட்டும்தான் கொண்டுவருகிறது.

லோஹித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என், கணக்கு எழுதுகிற லிப்ரெ ஆபீசுக்குத் தமிழ்ப் பேக்கேஜ், இந்த மூன்றைத்தான் கேட்டேன். மூன்று பேருக்குப் பத்திரிகை வைத்தால் வேன் நிறைய வந்து இறங்குவார்களே, அப்படி அவற்றுக்குத் துணையாக வேண்டியவையும் சேர்ந்து வந்தன. பாதி ஏறியிருக்கும்போது இடி, மழை, கரண்ட் போச்சு. பேட்டரிதான் செத்து மூன்று வருஷம் ஆகிறதே.

கரண்ட் வந்ததும் மறுபடி இன்ஸ்டால் கொடுத்தால், பேக்கேஜை ஏற்றி வைக்கிற டிபிகேஜி பாதியில் நின்றுபோனது என்று முரண்டு பிடித்தது. நீ வேலையில் இருப்பாய் என்று கூப்பிடவில்லை. அந்த வரியையே நிதானமாகப் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. கான்ஃபிகருக்கு முன்னால் இரண்டு கோடு, ஏ-வுக்கு ஒன்று. முதல் தடவை ஒரு கோட்டை விட்டுவிட்டு ஏச்சு வாங்கினேன். சரியாக அடித்ததும், விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டே போனது. அடுப்பில் களி அடிபிடித்தது தனிக் கதை.

மறுநாள் இன்னொன்று போடப் போனால், பூட்டியிருக்கிறது, காத்திரு என்றது. எதிர்வீட்டுப் பையன், "லாக் ஃபைலை அழிச்சிடுங்க அத்தை" என்றான். உள்ளே யாரோ இருப்பதால்தானே தாழ்ப்பாள்? நான் தொடவில்லை. தானாக ஓடிக்கொண்டிருந்த அப்டேட் பத்து நிமிஷத்தில் முடிந்தது, வழி விட்டது.

தமிழ்99-ல் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இப்போது விரல் பழகிவிட்டது. 'ழ' மட்டும் இன்னும் தேட வைக்கிறது.

புதுசுக்கு வைத்த பணத்தில் பேட்டரி ஒன்று கிடைக்குமா பார். அடியில் ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டது, வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறேன். அப்புறம், 'ஆட்டோரிமூவ்' போட்டு வேண்டாததை நீக்கு என்று தினமும் சொல்கிறது. எது வேண்டாதது என்று அதற்கு எப்படித் தெரியும்? நீ வந்ததும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

அம்மா