பிழைச்செய்தியைத் தேடினால் எங்கள் பதிப்பின் பக்கம் வரட்டும்: சம்பளப் பட்டியல் மென்பொருளின் ஆவணப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆவணப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலேயே இது யாருக்கு என்று உங்களுக்கும், உங்கள் மென்பொருளில் சம்பளப் பட்டியல் போடும் என்னைப் போன்றவர்களுக்கும் தெரியும். உதவிப் பக்கங்களைப் புதிய தளத்துக்கு மாற்றிய நாளிலிருந்து வந்த புகார்கள் உங்களிடம் குவிந்திருக்கும். ஆகவே பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் கோரிக்கை இதுதான்: திரையில் வந்த பிழைச்செய்தியை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டினால், நாங்கள் பயன்படுத்தும் பதிப்புக்கு உரிய பக்கம் முதலில் வர வேண்டும்.

கடந்த மாதச் சம்பளப் பட்டுவாடாவுக்கு முந்தைய இரவு எங்கள் நூற்பாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மாதக் கணக்கை மூடிய பிறகு, இரவு ஷிப்டின் ஓவர்டைம் பதிவு விடுபட்டிருப்பது தெரியவந்தது. சேர்க்கப் போனால், சம்பளக் காலம் பூட்டப்பட்டிருக்கிறது என்று திரை சொன்னது. பக்கத்தில் ஒரு பிழைக் குறியீடும் தொகுதி எண்ணும் இருந்தன. என் பிரிவில் பணிபுரியும் இளைஞர் அந்த வரியை நகலெடுத்து உங்கள் தேடல் பெட்டியில் ஒட்டினார். ஒன்றும் வரவில்லை. குறியீட்டையும் எண்ணையும் நீக்கிவிட்டுத் தேடியபோது முதலில் வந்த பக்கத்தின் தலைப்பு, பூட்டிய காலத்தைத் திறப்பது எப்படி என்பது. அதில் சொன்னபடியே செய்தார். அந்தப் பக்கம் 7ஆம் பதிப்புக்கு உரியது. எங்களிடம் இருப்பது 9ஆம் பதிப்பு. 7இல் வெறுமனே பூட்டைத் திறந்த கட்டளை, 9இல் பட்டியல் முழுவதையும் வருகைப் பதிவிலிருந்து புதிதாகக் கட்டுகிறது. கையால் சேர்த்திருந்த முன்பணப் பிடித்தமும் விடுப்புத் திருத்தமும் ஒரே நொடியில் அழிந்தன. பக்கத்தில் எங்கும் பதிப்பு எண் இல்லை. முகவரிப் பட்டையின் நீண்ட எழுத்துக்கோவைக்கு நடுவில் மட்டும் அது ஒளிந்திருந்தது.

காப்புப் பிரதியிலிருந்து மீட்டு, திருத்தங்களை மறுபடி ஏற்றிச் சம்பளம் போட மறுநாள் மாலையாகிவிட்டது. ஒரு நாள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். சம்பளம் கணக்கில் ஏறிய அதே நாளில் ஊருக்கு அனுப்புபவர்கள். ஸ்பின்னிங் பிரிவில் ஒரு பெண், தாயின் மருத்துவச் செலவுக்கு அன்றே அனுப்பியாக வேண்டிய பணத்தை மேஸ்திரியிடம் கைமாற்றாகக் கேட்டு நின்றார். அவர் உங்கள் உதவிப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. அதன் தேடல் முடிவுகள் எந்த வரிசையில் வருகின்றன என்பது அவருக்கு எதற்கு? ஆனாலும் அந்த வரிசைக்கான விலையை அவர்தான் கொடுத்தார்.

பழைய பதிப்பின் பக்கங்களை வைத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 7ஆம் பதிப்பை இன்னும் பயன்படுத்துகிறவர்களுக்கு அவை தேவை. ஆனால் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் தேடல் அட்டவணை ஒன்றிலேயே எல்லாப் பதிப்புகளையும் கொட்டி, பதிப்பு எண்ணையும் மறைத்துவைப்பது, மருந்துக் கடையில் அட்டையின் தேதியைக் கிழித்துவிட்டுப் பழைய மாத்திரையை முன்வரிசையில் அடுக்குவதற்குச் சமம்.

முழுச் செய்தியை ஒட்டியபோது ஏன் ஒன்றும் வரவில்லை என்பதையும் பார்த்தோம். உங்கள் தேடல், குறியீட்டின் நடுவில் வரும் சிறுகோட்டை, அடுத்த சொல்லை விலக்கு என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. தொகுதி எண் ஒவ்வொரு முறையும் மாறும், அது எந்தப் பக்கத்திலும் இருக்க முடியாது. ஆனாலும் ஒட்டிய எல்லாச் சொற்களும் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று உங்கள் தேடல் பிடிவாதம் பிடிக்கிறது. இவற்றைவிட வருத்தம் தருவது வேறொன்று. 9ஆம் பதிப்பின் சரியான பக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதில் பிழைச்செய்தி எழுத்தாக இல்லை, திரையைப் பிடித்த படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை எந்தத் தேடல் அட்டவணை படிக்கும்? அந்தப் பக்கத்தை எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். அவருடைய உழைப்பு எங்கள் கண்ணில் படாமலே போனது.

முன்பெல்லாம் உங்கள் தேடல் கைவிட்டால் வேறு வழிகள் இருந்தன. கூகுளில் உங்கள் தளத்தின் பெயரோடு சேர்த்து, செய்தியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவோம். இப்போது பக்கங்கள் கடவுச்சொல்லுக்குப் பின்னால் போய்விட்டன. வெளித் தேடுபொறி எதுவும் உள்ளே வர முடியாது. ஒரு பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுவோம். இப்போது ஒவ்வொரு பிரிவும் சொடுக்கினால்தான் ஏற்றப்படுகிறது. ஏற்றப்படாத எழுத்து உலாவிக்குத் தெரியாது. முழுக் கையேட்டையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்திருந்தோம். அதையும் நிறுத்திவிட்டீர்கள். தேடல் பெட்டிக்கு மேலே உரையாடி உதவும் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அது மரியாதையாகவே பேசுகிறது. ஆனால் தன் பதிலை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, அந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கு உரியது என்று சொல்வதில்லை. பலருடைய கூலியைத் தொடும் கட்டளையை, மூலம் தெரியாமல் நாங்கள் எப்படி இயக்குவது?

நடக்காததை நாங்கள் கேட்கவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே பக்கத்தின் மற்றப் பதிப்புகளுக்கு இணைப்பு இருக்கிறது. ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கத்தைத் திறந்தால் எச்சரிக்கை வருகிறது. பிழைகளுக்கு ஐந்து எழுத்துக் குறியீடு உண்டு. ஒருமுறை மட்டுமே வர வேண்டிய மதிப்பு மறுபடி பதியப்பட்டால் 23505. அந்தக் குறியீடுகள் எல்லாம் ஒரே பின்னிணைப்பில் எழுத்தாகக் கிடைக்கின்றன. செய்தியில் உள்ள பெயர்களும் எண்களும் மாறினாலும் குறியீடு மாறாது. பைத்தான் நிரல்மொழியின் ஆவணத்தில் பதிப்பை மாற்றும் பட்டி இருக்கிறது, முழுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்ளலாம். அதை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவி 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அது தேடல் அட்டவணையைப் பக்கங்களோடு சேர்த்தே கட்டிவிடுவதால், வாசகரின் உலாவியிலேயே தேடல் நடக்கும். இவை பெரும்பாலும் தன்னார்வலர்கள் பேணும் ஆவணங்கள். நாங்களோ உங்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் மனத்தாங்கல் இது. தமிழில் உதவிப் பக்கங்கள் தருவதாக விளம்பரம் செய்கிறீர்கள். அதில் 'விடுப்பு' என்று தேடினால் 'விடுப்பை', 'விடுப்பில்' என்று எழுதிய பக்கங்கள் வருவதில்லை. சொல்லின் கடைசி உயிர்க்குறி மாறிவிடுவதால், தொடக்க எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் தேடலும் தோற்கிறது. 'தொகை' என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். கணினியில் எழுத்துகளைப் பதிவதற்கான பொதுத் தரமான யூனிகோடு இரண்டையும் சமமாகக் கொள்கிறது, உங்கள் தேடல் கொள்வதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லைத் தட்டிவிட்டு, முடிவு இல்லை என்ற வரியைப் பார்த்தபடி எங்கள் அலுவலக எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்களின் விகுதியை நீக்கித் தேடும் வசதி போஸ்ட்கிரெஸ்ஸின் 12ஆம் பதிப்பில் 2019இலேயே சேர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்புக்குச் செலவிட்டவர்கள் தேடலைச் சோதித்துப் பார்க்க ஒரு தமிழரைக்கூடவா கூப்பிடவில்லை?

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் இதையே உள்ளே சொல்லிச் சலித்திருக்கவும் கூடும். முடிவு எதுவும் வராமல் போன தேடல்களின் பதிவு உங்கள் வழங்கியில் (சர்வரில்) சேமிக்கப்பட்டிருந்தால், வாரம் ஒருமுறை அதைப் படியுங்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் கிடைக்கவில்லை, ஒரு பணியை நாங்கள் எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாங்கள் மாதக் கணக்கை மூடுவது என்கிறோம், உங்கள் ஆவணம் அதைக் காலப் பூட்டு என்கிறது. இரண்டு பெயரிலும் ஒரே பக்கம் வர வேண்டும். பிழைச்செய்தியை அப்படியே ஒட்டினால் எங்கள் பதிப்புக்கு உரிய பக்கம் முதலில் வர வேண்டும் என்பதை மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தளத்தைச் சீரமைக்கக் காலம் பிடிக்கும் என்பது புரிகிறது. அதுவரை, 7ஆம் பதிப்பின் அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு வரி சேருங்கள்: இந்தக் கட்டளையை 9ஆம் பதிப்பில் இயக்க வேண்டாம், கையால் செய்த திருத்தங்கள் அழியும். அதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. அடுத்த சம்பள நாளுக்கு முன் அதையாவது செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நூற்பாலைக் கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர்,
பல்லடம்