ஞாயிறு மாலையில் வரும் மெம்ஃபிஸ் காலை

அன்புள்ள சாலமோன்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெயிலில் திரியாதே. எனக்கு முழங்கால் வலி பழையபடி. ஆலயத்திலோ, புதிதாக வாங்கிய கீபோர்டு மற்றக் குரல்களை எல்லாம் விழுங்கிவிட்டது. நாம் நான்கு குரலில் பாடிய பாமாலைப் பாட்டுகளை இப்போது எல்லோரும் ஒரே மெட்டில் பாடுகிறார்கள். பாஸ் என்ற அடிக்குரல் பாட ஆளும் இல்லை, இல்லையே என்று வருந்துவாரும் இல்லை.

என் வருத்தத்துக்கு மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? பேத்தி விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கித் தந்து, போனில் இணைய வானொலி கேட்கவும் கற்றுக்கொடுத்தாள். அதைத் துழாவிக்கொண்டிருந்தபோது அமெரிக்கத் தென் மாநிலங்களின் காஸ்பெல் குவார்டெட், அதாவது நாற்குரல் குழுப் பக்திப் பாட்டுகள் அகப்பட்டன. கறுப்பின மக்கள் தங்கள் ஆலயங்களில் வளர்த்த இசை அது. குவார்டெட் என்றாலும் ஐந்தாறு பேர்கூடப் பாடுவார்கள். நான்கு என்பது குரல் வகைக்கான கணக்கு. பழைய பதிவுகள் பலவற்றில் கருவியே கிடையாது. இருந்தால் ஒரு கிட்டார். தாளத்தைச் சுமப்பதெல்லாம் பாஸ்காரரின் தொண்டைதான். மற்றவர்கள் ஒரு சொல்லை நீட்டிப் பிடித்திருக்கும்போது, இவர் அடியில் 'டூம், டூம்' என்று படியிறங்கிப் போவார். ஒரு பாட்டு முழுக்க அந்தக் குரலை மட்டும் தொடர்ந்து போய்ப்பார். உனக்கு அது கைவந்த கலை, நீதானே எங்களுக்கு பாஸ்!

நான் கேட்கும் நிலையம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருக்கிறது. அங்கே ஞாயிறு காலை ஒன்பது மணி, நமக்கு மாலை ஏழரை. நாம் ஆலயம் முடிந்து, மதியம் உறங்கி எழுந்து, காபியும் குடித்து முடித்த பிறகு மெம்ஃபிஸில் ஆராதனைக்குப் புறப்படுகிறார்கள். பாட்டுக்கு நடுவே அந்த ஊர் மழை, ஒரு சபையின் மீன் விருந்து, இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் விளம்பரம் எல்லாம் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவையும் வேண்டியிருக்கின்றன; முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

யோசித்தால் இந்த இசைக்குச் சோறு போட்டதே வானொலிதான். கிளாட் ஜீட்டர் என்று ஒருவர், மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1938-ல் ஒரு குழு சேர்த்தார். பிறகு நாக்ஸ்வில் வானொலியில் அவர்கள் பாடியபோது நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஸ்வான் என்ற பேக்கரி. ரொட்டிக்கடைப் பெயர் குழுவோடு ஒட்டிக்கொண்டு 'ஸ்வான் சில்வர்டோன்ஸ்' ஆனது. மெம்ஃபிஸின் டபிள்யூடிஐஏ வானொலி 1949-க்குள் முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கான நிலையமாக மாறியது. கிட்டார் மேதை பி.பி. கிங் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர். அவரும் இளமையில் ஒரு குவார்டெட்டில் பாடியவர்தான்.

ஜீட்டரின் குரலை நீ கட்டாயம் கேட்க வேண்டும். கள்ளத்தொண்டை என்று நம்மூர் வித்வான்கள் முகம் சுளிப்பார்களே, அதை இவர் அப்படியே மேலே கொண்டுபோய், நூல் அறுந்துவிடுமோ என்று நாம் பயப்படும் இடத்தில் நிறுத்திவைப்பார். 1959-ல் அவர்கள் பதிவு செய்த 'மேரி டோன்ட் யூ வீப்' ஒரு மாலை வந்தது. லாசருவின் சகோதரி மரியாளிடம் அழாதே என்கிற பாட்டு. பார்வோனின் சேனை மூழ்கிப்போனதை நினைத்துக்கொள் என்று ஆறுதல் சொல்வது அடிமைகளாக இருந்தவர்களுக்குத்தான் தோன்றும். அதில் ஜீட்டர் போகிற போக்கில் பாடிய ஒரு வரியிலிருந்துதான் அமெரிக்கப் பாடகர் பால் சைமனுக்குத் தன் புகழ்பெற்ற 1970-ம் ஆண்டுப் பாட்டான 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' பிறந்தது.

சோல் ஸ்டிரர்ஸ் என்ற இன்னொரு குவார்டெட் குழுவில் சாம் குக் என்ற பாடகர் சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. பெரும்பாடுள்ள ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத் தொங்கலைத் தொட்ட கதையை அவர் பாடுவதைக் கேட்டால், பிரசங்கம் செய்யாமலே கதை சொல்லலாம் என்று புரியும். 1957-ல் சினிமாக்காரர்போல் அழகாக இருந்த இந்த மனிதர் பக்திப் பாட்டை விட்டு உலகப்பிரகாரமான பாட்டுக்குப் போய்விட்டார். ஆலயத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், கோபத்தில் பாதி பிரிவாற்றாமை.

மிசிசிப்பியின் பார்வையற்றோர் குழுவில் ஆர்ச்சி பிரவுன்லீ என்பவர் பாடுவதை மட்டும் பக்கத்துவீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் கேள். மென்மையாகத் தொடங்கி, மற்றவர்கள் ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாட, இவர் அதன் மேல் நின்று ஓர் அலறல் அலறுவார். என் மருமகள் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

பாட்டை நாமே தேர்ந்தெடுத்தும் கேட்கலாம் என்று பேத்தி சொன்னாள். வேண்டாம் என்றேன். சில நாள் டிரம்ஸும் கீபோர்டுமாக இக்காலத்து இரைச்சல் வரிசையாக வந்து கழுத்தறுக்கும். அதையும் பொறுத்திருந்தால் திடீரென்று எழுபது ஆண்டுப் பழைய பாட்டு ஒன்று, கீறல் சத்தத்தோடு வரும். அந்த எதிர்பாராமை நாமே தேர்ந்தெடுத்தால் வாய்க்குமா?

கேட்கும் முறையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், உன் மகனிடம் காட்டு. நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள்; அதன்பின் நமக்கு எட்டரை மணி. கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது டெனர் குரலுக்கு நான் இருக்கிறேன். ஆல்ட்டோ குரலுக்கு யாரைப் பிடிப்பது என்று மட்டும் யோசித்து எழுது.

அன்புடன்,
தேவராஜ்